யப்பான்காரன் குண்டு போட்ட நாள்: 1942, திருகோணமலை, துணிச்சல், தலைமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஒப்படைக்காக வந்து நிற்கும் பிள்ளைகள், நிலாவெளி வீதியில் பஸ்சில் போகும்போது யுத்தக் கல்லறையைப் பார்த்துவிட்டு "இது என்ன, வெள்ளைக்காரர் மயானமா?" என்று கேட்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது லேசு. தாக்குதலின் முழு வரலாறு இதில் இல்லை. அந்த ஒரு கிழமையில் யார் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலை ஏழு மணி கழிந்த நேரத்தில் யப்பானிய விமானங்கள் நூற்றுக்கும் மேலே திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் அடித்தன. அதற்கு நாலு நாள் முந்தி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் அடித்திருந்தார்கள். அனுப்பியவர் அட்மிரல் நகுமோ. முந்தைய டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரை அடித்த அதே ஆள், அநேகமாக அதே கப்பல்கள், வானத்தில் தலைமை தாங்கிய ஃபூசிடாவும் அதே ஆள்தான். இந்தப் பக்கம் வந்தவை ஐந்து விமானந்தாங்கிகள்: அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சூய்காகு.

இந்தச் சின்ன ஊரில் அவர்களுக்கு என்ன வேலை?

ஊர் சின்னது, துறைமுகம் அப்படியில்லை. பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துவிட்டது, மார்ச்சில் ரங்கூன், பிறகு அந்தமான். வங்காள விரிகுடாவுக்குள் பிரிட்டிஷ் கடற்படை ஒதுங்க மிஞ்சியிருந்த நல்ல துறைமுகம் இதுதான், போதாததற்குச் சீனன்குடாக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் வேறு. அந்தக் கடற்படையை இங்கேயே வைத்து முடித்துவிட வேண்டும் என்பதே நகுமோவின் நோக்கம். இலங்கையைப் பிடிக்க வந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அவர் கொண்டுவந்தது கப்பல்களும் விமானங்களும்தான், தரையிறங்கப் படை கொண்டுவரவில்லை.

பேர்ச்சல், பேர்ச்சல் என்கிறார்களே, யார் அவர்?

லெனர்ட் பேர்ச்சல். கனடாக்காரர், ஒன்ராறியோவின் சென் கத்தரின்ஸ் ஊரில் 1915இல் பிறந்தவர், கனேடிய விமானப்படையின் 413வது ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் பிரிவில், ஸ்குவாட்ரன் லீடர் பதவியில் இருந்தவர். சம்பவம் நடந்தபோது வயது 26. காலிக்குப் பக்கத்தில் கொக்கலை வாவியில் வந்து இறங்கி இரண்டு நாள்தான், ஏப்ரல் 4 விடியமுன் கட்டலினா விமானத்தில் தெற்கே கடலைத் துழாவ அனுப்பிவிட்டார்கள். கட்டலினா என்பது தண்ணீரில் இறங்கும் பெரிய, மெதுவான விமானம். நாள் முழுக்கப் பறந்தும் ஒன்றும் இல்லை. திரும்புகிற நேரத்தில், நிலவு உதித்தால் தாங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் கணித்துக்கொள்ளலாம் என்று இன்னும் ஒரு சுற்றுப் போனார்கள். அந்தச் சுற்றில்தான் தொடுவானத்தில் புள்ளிகளாகக் கப்பல்கள் தெரிந்தன.

அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். புள்ளிகளைக் கண்ட மாத்திரத்தில் "எதிரிக் கப்பல்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மேகத்துக்குள் நுழைந்து திரும்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று தெரியாத செய்தியை வைத்துக்கொண்டு கொழும்பில் இருப்பவன் என்ன செய்வான்? அதனால் கிட்டப் போனார்கள். எண்ணினார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே யப்பானியரின் சீரோ சண்டை விமானங்கள் மேலே ஏறிவிட்டன. கட்டலினாவைவிட மிகக் கூடிய வேகம் அவற்றுக்கு, ஓடித் தப்பும் கதையே இல்லை. அனுப்பும் செய்தியை மூன்று முறை திருப்பி அனுப்புவது வழமை. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டு வந்து வானொலிக் கருவியை உடைத்தது. விமானம் எரிந்துகொண்டே கடலில் இறங்கியது. ஒன்பது பேரில் ஆறு பேரைத்தான் யப்பானியர் உயிரோடு தண்ணீரிலிருந்து தூக்கினார்கள்.

அந்தச் செய்தியால் உண்மையிலேயே இலங்கை காப்பாற்றப்பட்டதா?

"இலங்கையின் மீட்பர்" என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள், பத்திரிகைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. என் கருத்தைக் கேட்டால், பட்டம் கொஞ்சம் அதிகம். எச்சரிக்கை கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஓடக்கூடியவற்றைக் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள், அது பெரிய காரியம், பேர்ள் ஹார்பரில் நடந்ததுபோல வரிசையாக நின்று அடிவாங்கும் நிலை வரவில்லை. ஆனால் ஞாயிறு காலை விமானங்கள் வந்தபோது ராடார் காட்டித் தரவில்லை, சண்டை விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றன. முதல்நாளே ஒருவர் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன பிறகும் இப்படி. இதில் பேர்ச்சலின் குறை எதுவுமில்லை, அவர் தன் பங்கை முடித்துவிட்டார்.

அவ்வளவுதானா? ஒரு செய்தி அனுப்பியதற்கா இவ்வளவு பெயர்?

இல்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடித்ததே அதற்குப் பிறகு நடந்த மூன்றரை வருடத்தால்தான். அதைப் பெரும்பாலான இடங்களில் ஒரு வரியில் "பின்னர் போர்க்கைதியாக இருந்தார்" என்று முடித்துவிடுகிறார்கள்.

கடலிலிருந்து தூக்கியவுடனே முதல் கேள்வி "செய்தி அனுப்பினாயா?" என்பது. இல்லை என்றார்கள். அடித்தார்கள், பிறகும் இல்லை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து, செய்தியைத் திருப்பி அனுப்பு என்று வானொலியில் கேட்டது யப்பானியரின் காதிலேயே விழுந்துவிட்டது. பிறகு விழுந்த அடியைச் சொல்லத் தேவையில்லை.

யப்பானில் கைதி முகாம்களில் கிடக்கும் ஆளுக்குக் கையில் என்ன அதிகாரம் இருக்கும்? துவக்கு இல்லை, தண்டிக்க முடியாது, பதவி உயர்வு கொடுக்க முடியாது. சாப்பாடு அரை வயிற்றுக்குக்கூட இல்லை. பசியில் கிடக்கும் ஆட்கள் அதிகாரிகளைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அங்கே அவர் கொண்டுவந்த ஏற்பாடு இதுதான்: தனக்கு வந்தது குறைவு என்று எந்தச் சிப்பாய்க்காவது தோன்றினால், அவன் தன் கிண்ணத்தை எந்த அதிகாரியின் கிண்ணத்தோடும் மாற்றிக்கொள்ளலாம். கேள்வி கேட்கக் கூடாது. கொஞ்சம் யோசித்தால் தெரியும், இதற்குப் பிறகு அளந்து போடுகிறவன் அதிகாரியின் கிண்ணத்தில் ஒரு பருக்கைகூடக் கூடுதலாகப் போட முடியாது, போட்டாலும் அது அதிகாரியின் வாய்க்குப் போகாது. மேடைப் பேச்சு எதுவும் இல்லாமல், ஒரு சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டு நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டார்.

அதன் பிறகுதான் 1944இல் நடந்தது. காய்ச்சலும் வயிற்றோட்டமுமாகக் கிடந்த நோயாளிகளையும் வேலைக்கு இழுத்துப் போகிறார்கள். பேர்ச்சல் குறுக்கே நின்றார், காவல்காரன் மேல் கை வைத்தார். யப்பானிய முகாமில் கைதி கை நீட்டுவது என்றால் அந்த இடத்திலேயே கழுத்துப் போகலாம். நோயாளிகளை விடும்வரை ஒருவரும் வேலை செய்வதில்லை என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நோயாளிகளை விட்டார்கள், பேர்ச்சலை அடித்துத் தண்டனை முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த "எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்" என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கிண்ணத்து ஏற்பாடு இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார். யார் எப்போது செத்தார், யார் அடித்தார் என்றெல்லாம். யுத்தம் முடிந்தபின் போர்க்குற்ற விசாரணைகளில் அவை சாட்சியாயின. 2004இல், 89 வயதில்தான் காலமானார்.

அப்போ ஏப்ரல் 9 திருகோணமலைக்கு எச்சரிக்கை கொடுத்தது யார்? அதுவும் பேர்ச்சலா?

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. பேர்ச்சல் 4ஆம் திகதியே பிடிபட்டுவிட்டார். 8ஆம் திகதி பின்னேரம் இன்னொரு கட்டலினா கண்டு சொன்னது. 9ஆம் திகதி விடிய, அதே 413வது ஸ்குவாட்ரனின் ஃபிளைட் லெஃப்டினன்ட் தாமஸ், யப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கினார், செய்தி பாதியில் நின்றுபோயிற்று. அந்த விமானத்தில் போன ஒருவரும் திரும்பவில்லை.

அதே வேலை, அதே விமானம், அதே ஆபத்து. சொல்லப்போனால் தாமஸுக்கு ஆபத்து இன்னும் நன்றாகத் தெரியும், ஐந்து நாள் முன்பு போன கூட்டாளி என்ன ஆனார் என்று தெரிந்த பிறகும் ஏறிப் போனவர் அவர். பேர்ச்சல் பிழைத்து வந்து கதை சொன்னார், தாமஸுக்குச் சொல்ல யாரும் இல்லை. யாராவது பிள்ளை ஒப்படை எழுதுவதென்றால் தயவுசெய்து இவர் பெயரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்.

ஹெர்மிஸ் கப்பல் ஏன் விமானமே இல்லாமல் கடலுக்குப் போனது? கப்டன் முட்டாளா?

இது கொஞ்சம் கோபமாகவே கேட்கப்படும் கேள்வி. ஹெர்மிஸ் பழைய பிரிட்டிஷ் கப்பல், 1924இல் சேவைக்கு வந்தது, விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான். அந்த நேரத்தில் திருகோணமலையில் நின்றது, அதன் விமானங்கள் கரையில் இருந்தன. 8ஆம் திகதி எச்சரிக்கை வந்ததும், துறைமுகத்தில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்று, அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரையும் கூட்டி இரவோடு இரவாகத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது யப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. கண்டுவிட்டான் என்று தெரிந்ததும், சீனன்குடா விமானங்களின் நிழலுக்குள்ளாவது வந்துவிடுவோம் என்று திரும்ப வடக்கே வந்தார்கள்.

வந்து சேரவில்லை. மட்டக்களப்புக்கு நேரே கடலில் வைத்துக் குண்டுவீச்சு விமானங்கள் எண்பதுக்குக் கிட்ட வந்து பத்து நிமிடத்துக்குள் முப்பது நாற்பது குண்டுகளை இறக்கின. உதவிக்கு விமானம் கேட்டார்கள், ஆனால் காலைத் தாக்குதலில் இங்கே தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்தது, ரத்மலானையிலிருந்து கிளம்பிய ஃபுல்மார் சண்டை விமானங்கள் வருவதற்குள் ஹெர்மிஸ் கடலுக்குள் போய்விட்டது. 307 பேர் இறந்தார்கள், கப்டன் ஒன்ஸ்லோவும் அதில் ஒருவர். அடுத்து வாம்பயர். அதன் தளபதி மோரன் ஆட்களைக் கப்பலைவிட்டு இறங்கச் சொல்லிவிட்டார், கப்பல் இரண்டாகப் பிளந்தது, ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை.

முட்டாளா என்ற கேள்விக்கு: விமானத்தைக் கரையில் வைத்தது, எப்போது கிளம்புவது, எங்கே போவது என்பதெல்லாம் கப்டன் ஒருவரே எடுக்கும் முடிவுகள் இல்லை. அவர் கையில் இருந்தது கப்பலும், பத்து நிமிடமும், விமான எதிர்ப்புத் துவக்குகளும். கப்பல் சாயும்வரை அந்தத் துவக்குகள் சுட்டுக்கொண்டே இருந்தன. மேலே இருப்பவர்கள் பிழையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய பிறகும் கீழே இருப்பவர்கள் ஒழுங்காக நின்றார்கள் என்று சொல்வதுதான் சரி.

வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் அந்த வழியே வந்து அறுநூறு பேர் அளவில் தூக்கியது. யப்பானியர் அதைத் தொடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

நம்ம பக்கம் யாராவது திருப்பி அடித்தார்களா?

அடித்தார்கள். சீனன்குடாவிலிருந்து 261வது ஸ்குவாட்ரனின் ஹரிகேன் சண்டை விமானங்கள் ஏறின. கொழும்பில் நடந்ததுபோல இல்லாமல் இங்கே ராடார் முன்கூட்டியே காட்டிக் கொடுத்ததால், தாக்குதல் தொடங்கும்போது அவை மேலே நின்றன. எதிரி விமானங்கள் சிலவற்றை விழுத்தினார்கள், தங்கள் ஹரிகேன்களில் பாதி அளவை இழந்தார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களின் கதை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய 11வது ஸ்குவாட்ரன். துணைக்கு ஒரு சண்டை விமானம்கூட இல்லாமல், ஒன்பது பிளென்ஹைம்கள் நேரே நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகிக்கு மேலே போய்க் குண்டு போட்டன. யப்பானியர் எதிர்பார்க்கவே இல்லை. குண்டுகள் கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் வீடு திரும்பவில்லை, தலைமை தாங்கிப் போன ஸ்குவாட்ரன் லீடர் ஓல்ட் உட்பட. ஆனால் பேர்ள் ஹார்பரில் தொடங்கி அதுவரை எந்தக் கை நீளாத அந்தக் கப்பல் கூட்டத்தின் மேல் முதன்முதலில் குண்டு போட்டவர்கள் இவர்கள். முயலை அடித்த அம்பைவிட யானைக்கு எறிந்து தவறிய வேல் மேல் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியில் மோதிய யப்பானிய விமானி?

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. விமானம் ஒன்று நேரே வந்து ஒரு தாங்கியில் விழுந்தது, தாங்கி ஏழு நாள் எரிந்தது என்பார்கள். உருகிச் சுருண்ட இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது.

வேண்டுமென்றே மோதினாரா, அடிபட்ட விமானம் வந்து விழுந்ததா என்று மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். விமானத்தில் இருந்த ஒருவரும் மிஞ்சாதபோது அதற்கு என்ன பதில் சொல்வது? "கமிகாசே", அதாவது விமானத்தோடு மோதிச் சாகும் தற்கொலைத் தாக்குதல், என்று சொல்லாதீர்கள், அதற்காகவே படை அமைத்தது 1944 ஒக்டோபரில்தான். எதிரியாக வந்தவனுக்கும் துணிச்சல் இருந்தது, அதை ஒத்துக்கொள்வதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இந்தப் பக்கத்தை நான் எழுதுவது தலைமையைப் பற்றியும்தான், அந்த விமானத்தில் கூட இருந்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

பிரிட்டிஷ் அட்மிரல் கடற்படையோடு ஓடிவிட்டாராமே?

சொமர்வில். "ஓடிவிட்டார்" என்பது அன்றைக்கே பேசப்பட்ட பேச்சு. அவரிடம் இருந்தவற்றில் பாதி முதலாம் உலகப்போர்க் காலத்துப் பழைய கப்பல்கள். மார்ச் கடைசியில் இலங்கைக்குத் தென்கிழக்கே காத்து நின்றார், யப்பானியர் வரவில்லை, எண்ணெயும் தண்ணீரும் எடுக்க மாலைதீவின் அத்து தீவுக்குப் போனார், அவர் அங்கே போய்ச் சேர்ந்த நாளில்தான் பேர்ச்சலின் செய்தி வருகிறது. கொழும்புக்கு அனுப்பியிருந்த டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற போர்க்கப்பல்கள் இரண்டையும் ஞாயிறன்று இழந்தார், 424 பேர். அது அவருடைய பிழை என்பது என் நிலைப்பாடு, கப்பல்களை அப்படிப் பிரித்திருக்கக் கூடாது.

ஆனால் பெரிய சண்டைக்குப் போகாமல் விலகியது பிழையில்லை. பகலில் நகுமோவின் விமானங்களுக்கு முன்னால் போயிருந்தால் மொத்தமும் கடலுக்கு அடியில் கிடந்திருக்கும். ஆயிரக்கணக்கான ஆட்களை வீணாகச் சாகக் கொடுக்காமல், "கோழை" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு நின்றதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். இரண்டு மாதம் கழியமுன், ஜூனில், பசிபிக் கடலின் மிட்வே தீவுப் பக்கம் நடந்த சண்டையில் அமெரிக்கர்கள் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றையும் மூழ்கடித்தார்கள். இங்கே வந்த ஐந்தில் மூன்று.

ஊர்ச் சனம் என்ன செய்தது?

ஓடியது. வேறென்ன செய்யும்? கண்டி வீதிப் பக்கமும் உள்ளூர்க் கிராமங்களுக்கும் பெட்டி படுக்கையோடு போனார்கள், டொக்யார்ட்டில் வேலை செய்தவர்களும் போனார்கள். இதை வெள்ளைக்கார அதிகாரிகள் கொஞ்சம் இளக்காரமாக எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. கப்பலில் நின்றவனுக்குப் பக்கத்தில் ஒரு கப்டன் நின்றார், கையில் ஒரு துவக்கு இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். நாட்கூலிக்கு மூட்டை தூக்கியவனிடம் "நில், நானும் நிற்கிறேன்" என்று சொல்ல யார் இருந்தார்கள்?

இவ்வளவு போரைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு, எண்பது வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரன் சண்டையைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள்?

இதைப் பற்றி எழுதினால் யாரும் யாருடைய ஆள் என்று என்னிடம் கேட்க மாட்டார்கள். அதனால்தான்.

இப்போது வந்தால் என்னென்ன பார்க்கலாம்?

உப்புவெளியில், நிலாவெளி வீதி ஓரமாகவே, பொதுநலவாய யுத்தக் கல்லறை இருக்கிறது. டவுனிலிருந்து ஓட்டோவில் கால் மணித்தியாலம்கூட ஆகாது. காலையில் போங்கள், பதினொரு மணிக்கு மேல் கல்லின் சூடு தாங்காது. கற்களில் வயதைப் பாருங்கள், பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்றுதான் அதிகம்.

எரிந்த தாங்கி சீனன்குடாவில், வளவுக்குள் போக அனுமதி வேண்டும், முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். துறைமுகத்தில் அன்று எரிந்த சகாயிங் என்ற சரக்குக் கப்பலைப் பிறகு மூழ்கடித்து இறங்குதுறையாகப் பாவித்தார்கள், 2018இல் கடற்படையினர் அதை மேலே தூக்கியெடுத்து வேறிடத்தில் ஆழத்தில் விட்டார்கள், ஆகவே அதைத் தேடி அலைய வேண்டாம். ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீட்டருக்கும் மேல் ஆழத்தில் கிடக்கிறது. ஆழ்கடலில் மூழ்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது, மற்றவர்கள் கல்லடிப் பாலத்தில் நின்று கடல் பக்கம் கை காட்டிவிட்டு வரலாம். மூழ்கிப் போகிறவர்களும் எதையும் கழற்றிக்கொண்டு வராதீர்கள், அதற்குள் ஆட்கள் கிடக்கிறார்கள்.